ஏ.பி.பி. வேலைக்குப் போகலாமா, தனித் தொழிலிலேயே இருக்கலாமா? தாராபுரம் தம்பிக்கு என் பதில்

தாராபுரத்தில் வக்கீல் தொழில் பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பதிவு செய்து ஆறு வருடம் ஆகிறது. ஒரு சீனியரிடம் இருந்துகொண்டு சிவில், கிரிமினல் இரண்டும் பார்க்கிறார். டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் அரசு உதவி வழக்கு நடத்துநர் தேர்வை, அதாவது நாம் ஏ.பி.பி. என்று சொல்கிறோமே அதை எழுதச் சொல்லி வீட்டில் வற்புறுத்துகிறார்கள். அவருக்கு இரண்டு பயம். போனால் திரும்பி வர முடியுமா? வந்தால் வழக்கோடு கட்சிக்காரர்கள் வருவார்களா?

நான் கோபியில் ஏழு வருடம் தொழில் பார்த்துவிட்டு ஏ.பி.பி. ஆனவன். பதினோரு வருடம் ஈரோடு, திருப்பூர், நாமக்கல் மாவட்டங்களில் மாறி மாறி வேலை. அப்புறம் ராஜினாமா செய்துவிட்டு ஈரோட்டில் சொந்த ஆபீஸ் போட்டேன். அதுவும் எட்டு வருடம் ஆகிவிட்டது. அதனால் இதற்கு மேம்போக்காகப் பதில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "அரசு வக்கீல்" என்று ஊரில் எல்லோரையும் ஒரே பேரில் சொல்கிறோம், ஆனால் வேலைகள் வேறு வேறு. மேஜிஸ்டிரேட் கோர்ட்டில் போலீஸ் வழக்குகளை நடத்துபவர் ஏ.பி.பி. தேர்வு எழுதி வந்த முழுநேர அரசு ஊழியர், சம்பளம், இடமாறுதல், பதவி உயர்வு எல்லாம் உண்டு. கிரிமினல் கோர்ட்டில் குறைந்தது ஐந்து வருடம் தொழில் பார்த்திருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். செஷன்ஸ் கோர்ட்டில் நிற்கும் பி.பி.யும் (அரசு வழக்கு நடத்துநர்) கூடுதல் பி.பி.யும் பெரும்பாலும் வெளியே தொழில் பார்க்கும் வக்கீல்களிலிருந்து வருபவர்கள். ஏழு வருட அனுபவம் வேண்டும். கலெக்டர் செஷன்ஸ் நீதிபதியைக் கலந்துகொண்டு பட்டியல் தயாரிப்பார், அரசு நியமிக்கும். சிவில் பக்கத்தில் கலெக்டருக்கும் தாசில்தாருக்கும் ஆஜராகும் ஜி.பி.யும் (அரசு வழக்கறிஞர்) அப்படித்தான். ஆட்சி மாறினால் இந்தப் பதவிகளில் ஆள் மாறுவதை நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். தகுதி பார்த்து நியமிக்க ஒழுங்கான முறை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் பஞ்சாப் அரசு வழக்கில் சொன்னது. நம் ஊரில் அது எவ்வளவு நடக்கிறது என்பதை அந்தந்த ஊர் வக்கீல் சங்கத்தில் இருப்பவர்களே அறிவார்கள். தம்பி கேட்டது முதல் வகையைப் பற்றி. நானும் அதைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

ஏ.பி.பி. வேலை என்ன கற்றுக் கொடுக்கும்? சாட்சி விசாரிக்கும் கை. வேறு எங்கேயும் இந்த அளவுக்கு அது கிடைக்காது. ஜூனியராக இருந்த ஏழு வருடத்தில் நான் முழுதாக நடத்திய விசாரணைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மீதி நாளெல்லாம் வாய்தா வாங்குவது, நகல் மனு போடுவது, சீனியர் வரும்வரை கோர்ட்டில் நேரம் கேட்பது. ஏ.பி.பி. ஆன முதல் வாரத்திலேயே ஒரு நாளில் நாலு சாட்சி, ஐந்து சாட்சி என்று கூண்டில் ஏற ஆரம்பித்தார்கள். அடிதடி, திருட்டு, விபத்து, சீட்டாட்டம், சேவக்கட்டு, மணல் வண்டி என்று எல்லாம் கலந்து வரும். பிறழ் சாட்சியாகிப் போகிறவரை எப்படிக் கேட்பது, மருத்துவரை எப்படிக் கேட்பது, படிப்பு இல்லாத அம்மாவை எப்படிக் கேட்பது என்று தினமும் ஒரு பாடம்.

ஒரு வழக்கு சொல்கிறேன். ஆடு மேய்த்துவிட்டுத் தடத்தில் நடந்து வந்த வயசான அம்மாவின் தாலிக்கொடியை பைக்கில் வந்து அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆளைப் பிடித்து, நகையை மீட்டு, வழக்கும் போட்டாகிவிட்டது. ஆனால் நகையைக் கைப்பற்றியபோது போலீஸ் எழுதிய மகஜரில் "தங்கத் தாலிக்கொடி ஒன்று, சுமார் ஐந்து பவுன்" என்பதற்கு மேல் ஒரு வரி இல்லை. அடையாளம் ஒன்றும் எழுதவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் நல்ல அனுபவசாலி. குறுக்கு விசாரணையில் நேராக அங்கேதான் கை வைத்தார். "இதே மாதிரிக் கொடி கடை கடையா தொங்குதும்மா, இது உன்னுதுன்னு எப்படிச் சொல்றே?" அந்த அம்மா சா.பொ.1, அதாவது முதல் சான்றுப் பொருள் என்று அட்டை கட்டிய கொடியைக் கையில் வாங்கி, குண்டுகளை ஒவ்வொன்றாகத் தடவினார். ஒரு குண்டில் விரல் நின்றது. "இதுல எம் பேரன் பல்லு மொளைக்கறப்பக் கடிச்ச தடம் இருக்குதுங்க சாமி." வக்கீல் விடவில்லை. "இதைப் போலீசுல சொன்னியா?" அம்மா சொன்னார்: "அவீக கேக்குலீங்களே."

மேஜிஸ்டிரேட் கொடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நசுங்கல் இருந்தது. வாக்குமூலத்தில் சொல்லாததை கோர்ட்டில் சொன்னால் பின்னால் சேர்த்த கதை என்று வாதாட இடம் உண்டு, அந்த வக்கீலும் வாதாடினார். ஆனால் பொருளே கண் முன்னால் சாட்சி சொல்லும்போது அந்த வாதம் நிற்கவில்லை. தண்டனை ஆனது. எனக்குச் சந்தோஷத்தை விட வெட்கம்தான் அதிகம். அந்தக் கேள்வியை முதல் விசாரணையில் நான் கேட்டிருக்க வேண்டும். போலீஸ் தந்த வழக்குக் கட்டில் அது இல்லை என்பதால் நானும் கேட்கவில்லை. அன்றிலிருந்து எந்தக் கட்டை எடுத்தாலும் எழுதியிருப்பதைப் படித்த பிறகு, கேட்காமல் விட்டது என்ன என்று ஒரு தாளில் எழுதுவேன். இன்று எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புக்கு ஆஜராகும்போதும் அதே பழக்கம்தான் எனக்குச் சோறு போடுகிறது. போலீஸ் பதிவு செய்யும் 161-வது பிரிவு வாக்குமூலம் இப்போது 180 ஆகிவிட்டது, பழைய மூன்று குற்றவியல் சட்டங்களும் 2024 ஜூலை 1 முதல் புதுப்பெயருக்கு மாறிவிட்டன. கட்டில் ஓட்டை இருக்கும் இடங்கள் மட்டும் மாறவே இல்லை.

இன்னொன்றும் அங்கேதான் கற்றேன். பார் கவுன்சில் விதிகளில், அரசு தரப்பில் நிற்கும் வக்கீல் நிரபராதி தண்டிக்கப்படாதபடி வழக்கை நடத்த வேண்டும், எதிரிக்குச் சாதகமான ஆவணத்தை மறைக்கக் கூடாது என்று 16-வது விதி இருக்கிறது. சட்டக் கல்லூரியில் படித்தபோது அது எனக்கு ஒரு வரி, அவ்வளவுதான். வேலையில் உட்கார்ந்த பிறகு, "சார், அந்த சி.டி.ஆர். தாளைத் தாக்கல் பண்ண வேண்டாமே" என்று, அதாவது செல்போன் அழைப்புப் பதிவை மறைக்கச் சொல்லி, ஒருவர் மெதுவாகச் சொல்லும் நாள் வரும். அன்று என்ன செய்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் அந்தக் கோர்ட்டில் உங்கள் பேச்சுக்கு மதிப்பு. நான் தாக்கல் செய்தேன். அதற்காகச் சில மாதம் சிலர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பரவாயில்லை. எட்டு வருடம் கழித்தும், நான் ஒரு தேதியைச் சொன்னால் சரிபார்க்காமல் குறித்துக்கொள்ளும் நீதிபதிகள் இருக்கிறார்கள்.

சரி, இழப்புக்கு வருவோம். இதை யாரும் முன்கூட்டியே எனக்குச் சொல்லவில்லை.

அரசுப் பணியில் உங்களிடம் வருவது எழுதி முடித்த கட்டு. எஃப்.ஐ.ஆர்., மகஜர், வரைபடம், வாக்குமூலம், மருத்துவச் சான்று என்று எல்லாம் வரிசையாகத் தைத்து வரும். தனித் தொழிலில் வருவது ஆள். அவருக்கு எது முக்கியம், எது முக்கியமில்லை என்று தெரியாது. தாத்தா காலத்துக் கிணற்றிலிருந்து ஆரம்பிப்பார். அதைக் கேட்டுக் கேட்டு நாம்தான் கட்டு தைக்க வேண்டும். பதினோரு வருடத்தில் அந்தக் காது எனக்கு மரத்துப்போய்விட்டது.

ஆபீஸ் போட்ட முதல் மாதம் காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அண்ணன் தம்பி பாகம். கிணறு பொது, மோட்டார் முறை வைத்து ஓடுகிறது, தோட்டத்துக்குப் போகும் வண்டித்தடத்தைத் தம்பி மகன் வேலி போட்டு அடைத்துவிட்டான். நான் என்ன செய்தேன்? எந்தத் தேதி, எத்தனை மணி, யார் யார் இருந்தார்கள், நீங்கள் ஏன் அன்றே புகார் கொடுக்கவில்லை என்று வரிசையாகக் கேட்டேன். பத்து நிமிடம் பொறுத்துக்கொண்டார். அப்புறம் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "ஏனுங்க, குத்தவாளியக் கேக்கறாப்பல என்னையக் கேக்கறீங்க?" என்றார். நான் மன்னிப்புக் கேட்டு, டீ வாங்கி வரச் சொல்லி, பேனாவை மூடி வைத்துவிட்டு அரை மணி நேரம் வெறுமனே கேட்டேன். அந்த அரை மணியில், 1970-களில் எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று அக்கா வீட்டுப் பெட்டியில் கிடக்கிறது என்று போகிற போக்கில் சொன்னார். வழக்கே அந்தப் பத்திரத்தில்தான் இருந்தது. தடம் எத்தனை அடி, மோட்டார் முறை யாருக்கு எத்தனை நாள் என்று எல்லாம் அதில் எழுதியிருந்தது.

அப்புறம் படிப்பில் விழும் ஓட்டை. சிவில் கையை விட்டுப் போய்விடும். கொங்குப் பக்கத்தில் வக்கீலுக்கு நிலையான வருமானம் பூமி வழக்கில்தான். அவிநாசி, பல்லடம், திருப்பூர் சுற்றுவட்டாரத்தில் நிலத்தின் விலை ஏறிய பிறகு பெண்களுக்குப் பாகம் கேட்டு வரும் வழக்குகள் எத்தனை என்று தாராபுரத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1989 தமிழ்நாட்டுத் திருத்தம், 2005 மத்தியத் திருத்தம், 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் வினீதா சர்மா தீர்ப்பு என்று அந்தச் சட்டம் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தத் தீர்ப்பு வந்தபோது நான் தனித் தொழிலுக்கு வந்துவிட்டேன், ஆனாலும் பின்னால் போய் எல்லாவற்றையும் திரும்பப் படிக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

செக் கேஸ் இன்னொன்று. திருப்பூரிலும் கரூரிலும் மேஜிஸ்டிரேட் கோர்ட் பட்டியலைப் பாருங்கள், செக் திரும்பியதற்காகப் போடும் 138-வது பிரிவு வழக்குகள்தான் பக்கம் பக்கமாக இருக்கும். நூல் கடன், துணி கடன், ஃபைனான்ஸ் கடன் எல்லாம் அங்கே வந்துதான் நிற்கும். ஆனால் அது தனியார் புகார். ஏ.பி.பி.க்கு அதில் ஆஜராக வேலையே இல்லை. நீங்கள் அதே கோர்ட் ஹாலில் உட்கார்ந்திருப்பீர்கள், உங்கள் கண் முன்னால் நடக்கும், கையில் வராது. செக் திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்து 15 நாள் அவகாசம், அதன் பின் ஒரு மாதத்துக்குள் புகார் என்ற கணக்கு ஜூனியருக்குக்கூட மனப்பாடமாக இருக்கும். நான் திரும்பி வந்தபோது என் குமாஸ்தாதான் நாள் எண்ணிச் சரிபார்த்தார்.

விபத்து வழக்கு மட்டும் நேர்மாறு. சேலம் கொச்சி நெடுஞ்சாலை ஓரம் இருக்கும் கோர்ட்டுகளில் வேலை பார்த்தால் விபத்து மரண வழக்குகள் குவியும். இடத்தின் வரைபடம், டயர் தேய்ந்த தடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு படிக்க வரும். நாமக்கல், சங்ககிரி லாரித் தொழில் நமக்குத் தெரிந்ததுதானே. தனியே வந்தபின் எம்.சி.ஓ.பி., அதாவது நஷ்டஈட்டு வழக்குகளில் அந்த அறிவு அப்படியே உதவியது. கிரிமினல் கோர்ட்டில் டிரைவர் விடுதலை ஆகிவிட்டார் என்று சொல்லி இன்சூரன்ஸ் தரப்பு வாதாடும். அங்கே சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் வேண்டும், இங்கே எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்தால் போதும், அந்த விடுதலை இங்கே கட்டுப்படுத்தாது. அந்த விடுதலை ஏன் ஆனது என்பதை உள்ளே இருந்து பார்த்தவனுக்கு இதை எடுத்துச் சொல்வது சுலபம்.

இனி சட்டம் என்ன சொல்கிறது என்ற கேள்வி. முழுநேரச் சம்பளத்தில் இருப்பவர் வக்கீலாகத் தொழில் செய்யக் கூடாது என்று பார் கவுன்சில் விதி 49 சொல்கிறது. ஆனால் ஏ.பி.பி. கோர்ட்டில் நின்று வழக்காடுபவர் என்பதால் அவர் வக்கீல் என்ற நிலையை இழப்பதில்லை என்று 2013-ல் தீபக் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது மாவட்ட நீதிபதி நேரடி நியமனத்துக்கு ஏழு வருட வக்கீல் அனுபவம் கேட்கும் அரசியலமைப்புச் சட்டத்தின் 233-வது பிரிவை ஒட்டி வந்த தீர்ப்பு. ஆகவே நீதிபதி ஆகும் ஆசை இருந்தால் ஏ.பி.பி. வேலை அந்தக் கதவை அடைக்காது. திரும்பி வருவதற்கும் தடை இல்லை. ராஜினாமா ஏற்கப்பட்ட உத்தரவோடு பார் கவுன்சிலுக்கு எழுத வேண்டும், அவ்வளவுதான். நீதித்துறை அதிகாரிகளாக இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு, கடைசி மூன்று வருடம் அதிகாரம் செலுத்திய பகுதியில் இரண்டு வருடம் தொழில் செய்யக் கூடாது என்று ஒரு விதி உண்டு. அதை ஏ.பி.பி.க்கும் பொருத்திச் சிலர் பயமுறுத்துவார்கள். நாம் அங்கே வழக்காடினோம், தீர்ப்புச் சொல்லவில்லை.

ஆனால் விதி 33-ஐ மனசில் வையுங்கள். ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்ன வழக்கில், ஆஜரான வழக்கில் எதிர்த்தரப்புக்குப் போகக் கூடாது. நான் இதை இன்னும் கொஞ்சம் இறுக்கமாக வைத்துக்கொண்டேன். நான் ஏ.பி.பி.யாக இருந்த காலத்தில் அந்தக் கோர்ட்டில் கோப்பில் இருந்த எந்த வழக்கிலும், நான் அதைத் தொடாவிட்டாலும்கூட, எதிரிக்கு ஆஜராக மாட்டேன். முதல் இரண்டு வருடத்தில் நல்ல பீஸோடு வந்த வழக்குகளைத் திருப்பி அனுப்பினேன். வீட்டில் கஷ்டம்தான். ஒரு தடவை, நான் நடத்தித் தண்டனை வாங்கிய ஆளின் மாமனாரே வேறு ஒரு பூமி வழக்குக்காக என்னைத் தேடி வந்தார். அவர் சொன்ன காரணம்: "நீங்க அன்னிக்குப் பொய் பேசுலீங்க." கட்சிக்காரர் வருவார்களா என்று கேட்டீர்களே தம்பி, இப்படித்தான் வந்தார்கள்.

பெரிய உதாரணங்கள் வேண்டுமென்றால் நம் மண்ணிலேயே இருக்கிறார்கள். பவானி பக்கம் காடப்பநல்லூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த ப. சதாசிவம் 1973-ல் வக்கீலாகப் பதிவு செய்து, சென்னை உயர் நீதிமன்றத்தில் கூடுதல் அரசு வழக்கறிஞராகவும் சிறப்பு அரசு வழக்கறிஞராகவும் இருந்து, 1996-ல் நீதிபதியாகி, 2013-ல் இந்தியத் தலைமை நீதிபதி ஆனார். ஈரோட்டைச் சேர்ந்த எம்.எம். சுந்தரேஷ் 1985-ல் பதிவு செய்து, 1991 முதல் 1996 வரை அரசு வழக்கறிஞராக இருந்து, 2009-ல் உயர் நீதிமன்றத்துக்கும் 2021-ல் உச்ச நீதிமன்றத்துக்கும் போனார். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துக் குமாரமங்கலம் குடும்பத்து மோகன் குமாரமங்கலம் 1966-67-ல் சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரலாக இருந்து, பின்பு மத்திய அமைச்சரானார். ஆனால் இவர்கள் யாரும் ஏ.பி.பி. வழியாக வந்தவர்கள் இல்லை. தொழிலில் இருந்துகொண்டே அரசுக்கு ஆஜரானவர்கள். அந்த வழிக்கு உயர் நீதிமன்றப் பழக்கமும் சிவில், ரிட் அறிவும் வேண்டும். சென்னைக்குப் போகும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் இந்தத் தேர்வை விட்டுவிட்டு இப்போதே ரயில் ஏறுவது மேல்.

ஜி.பி. பதவியைப் பற்றியும் இரண்டு வரி. நில எடுப்பு, புறம்போக்கு, பாதை வழக்குகளில் வருவாய்த்துறைக் கோப்பு எப்படி நகர்கிறது என்று அங்கே தெரிந்துகொள்ளலாம். அ-பதிவேடு, அடங்கல், புலப்படம் என்ற நில ஆவணங்களைச் சேர்த்து வைத்துப் படிக்கத் தெரிந்தவரிடம்தான், உயர் மின்கோபுரம் தோட்டத்தில் நட்டதற்கு இழப்பீடு கேட்கும் விவசாயி பிற்பாடு வருவார். 1885-ம் வருடத்துத் தந்திச் சட்டத்தின்படி அந்த மனு மாவட்ட நீதிபதியிடம் போகும். முதலீட்டாளர்களை ஏமாற்றிய நிதி நிறுவன வழக்குகளை விசாரிக்கும் கோவை டான்பிட் சிறப்பு நீதிமன்றமும் அதேபோல ஒரு பள்ளிக்கூடம்தான். 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி முதலீடுகள் கவிழ்ந்தபோது எத்தனை குடும்பம் அந்தக் கோர்ட் வாசலில் நின்றது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பணம் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 கொடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் சொன்னது. என் காலத்தில் பஸ் காசு கிடைத்தால் பெரிது. ஆறு வருடத்தில் உங்களுக்குச் சொந்தமாகக் கட்சிக்காரர்கள் வர ஆரம்பித்திருந்தால், இப்போது விடுவது வலிக்கும். ஏ.பி.பி. சம்பளம் குடும்பத்தை நிமிர்த்தும், கல்யாணப் பேச்சில் அரசு வேலை என்ற சொல்லுக்கு நம் பக்கம் இருக்கும் எடையும் உங்களுக்குத் தெரியும். அந்த எடைக்காக மட்டும் போகாதீர்கள். தினமும் நின்று பேச ஆசை இருந்தால் போங்கள்.

என் அபிப்பிராயம் கேட்டால், தேர்வை எழுதுங்கள். கிடைத்தால் எட்டிலிருந்து பத்து வருடம் உழையுங்கள். அதற்கு மேல் போனால் கட்சிக்காரர் பேச்சைக் கேட்கும் காது திரும்பி வருவது கடினம், வெளியே வர மனசும் வராது. அந்த வருடங்களில் மாதம் இரண்டு சிவில் தீர்ப்பாவது உட்கார்ந்து படியுங்கள். கிடைக்காவிட்டால் எதையும் இழக்கவில்லை. குற்றச் சட்டம், நடைமுறை, சாட்சியம் மூன்றையும் புதுச் சட்டத்தில் ஒரு தடவை முழுதாகப் படித்திருப்பீர்கள், அது தாராபுரம் கோர்ட்டிலேயே உங்களைத் தனியாகக் காட்டும்.

உத்தரவு கைக்கு வந்த அன்று ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் வக்காலத்துப் போட்ட ஒவ்வொரு கட்சிக்காரரையும் நேரில் வரச்சொல்லி, கட்டை அவர் கையில் கொடுத்து, வேறு வக்கீல் வைக்க ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுங்கள். வாங்கிய பீஸில் செய்யாத வேலைக்கு உண்டானதைத் திருப்பிக் கொடுங்கள். அடுத்த வாய்தா தேதியை கட்டின் மேல் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதுங்கள், அவர் படிக்கத் தெரியாதவராக இருந்தால் மகனிடமோ மகளிடமோ ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள்.